நாலாம் வரிசை, பதினொன்று

லியெபாயாவில் காற்றும்
டிக்கெட் இல்லாமல் நுழையப் பார்க்கும்.
அதற்காகத்தான் நாடக அரங்குக்கு இரண்டு கதவு.
இரண்டுக்கும் நடுவே நான்,
கறுப்புக் கோட்டு, கையில் சின்ன டார்ச்,
பதினாறு வருடமாக.

வரிசைக்குள் போகிறவர்
உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் காட்டித்தான் நகர வேண்டும்.
முதுகு காட்டினால் மரியாதை இல்லை.
முழங்கால்கள் ஒவ்வொன்றாய் ஒதுங்க
மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று
பக்கவாட்டில் ஒரு நண்டுப் பயணம்.
தாமதமாய் வந்தால் நீதிபதியும் நண்டுதான்.

மிட்டாய்த் தாளைச் சட்டென்று கிழிப்பவரை
மன்னித்துவிடுவேன். ஒரே சத்தம், முடிந்தது.
நாகரிகமாய், மெல்ல மெல்லப் பிரிக்கிறாரே,
அவர்தான் ஒரு காட்சி முழுக்க
சருகின் மேல் நடக்கிறவர்.

இருமலுக்கும் ஒழுங்கு உண்டு.
அடக்கி அடக்கி வைத்திருந்து
விளக்கு மாறும் இருட்டில்
கோழிக்கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி
மொத்த அரங்கும் இருமிக்கொள்ளும்.

குறட்டைக்கு மட்டும்
எங்கள் அறையில் ஒட்டிய தாளில் ஒரு வரியும் இல்லை.

விஸ்வால்டிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
இரவு முறை.
பருவம் முழுவதற்கும் டிக்கெட் வாங்கியது
மனைவி ஸ்கைட்ரீட்டெ.
முதல் காட்சியில் விரைப்பாக உட்கார்ந்திருப்பார்,
ஆய்வாளர் வந்த வகுப்பில் பையனைப் போல.
இரண்டாம் காட்சியில் தலை
கப்பலுக்குள் இறக்கும் சரக்காக,
கவனமாக, அங்குலம் அங்குலமாக இறங்கும்.
தரை தட்டுமுன் அவளுடைய முழங்கை வந்துவிடும்.
அந்த முழங்கைக்கு எல்லா நாடகமும் மனப்பாடம்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை
ஸ்கைட்ரீட்டெக்குக் காய்ச்சல்.
பன்னிரண்டாம் இருக்கையில்
அவருடைய தொப்பி மட்டும் உட்கார்ந்திருந்தது.

மேடையில் அக்ரீட்டா.
வீட்டை விட்டுப் போகிற பெண்.
பெட்டியை மூடிவிட்டாள்.
எழுதியிருப்பது இதுதான்:
காலிக் கட்டிலைப் பார்க்கிறாள், ஒன்றும் பேசவில்லை, போகிறாள்.
அந்தப் பேசாத இடத்தில்
நாலாம் வரிசையிலிருந்து
நீளமாய், நிம்மதியாய், கிரேன் சங்கிலி போல ஒரு குறட்டை.

டார்ச்சை அணைத்துக்கொண்டு ஓடினேன்.
குனிந்து, ஓரத்து முழங்கால்களைத் தாண்டி,
அவசரத்தில் எல்லோருக்கும் முதுகு காட்டிக்கொண்டு,
அவர் தோளைத் தொடப் போன கை
பாதியில் நின்றது.
மேடையிலிருந்து அக்ரீட்டா என்னைப் பார்த்தாள்.
வேண்டாம்.

மூடிய பெட்டியைத் திறந்தாள்.
சால்வையை எடுத்தாள்.
மேடையின் விளிம்புவரை வந்து மண்டியிட்டு
இருட்டின் மேல் அதை விரித்தாள்.
ஓரத்தைச் செருகினாள், குளிராத மாதிரி.
பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து
விழுங்கிக்கொண்டார்.
அடுத்த குறட்டை வரும்வரை காத்திருந்தாள்.
வந்தது.
போனாள்.

நான் குனிந்தபடியே இருந்தேன்.
மூன்று நிமிடம் ஒருவரும் இருமவில்லை.

கைதட்டலில்தான் விழித்தார்.
விழித்த வேகத்தில் எழுந்து நின்று
எல்லோரையும்விட பலமாய்த் தட்டினார்.
அவரைப் பார்த்து அரங்கமே எழுந்தது.

கோட்டு வாங்க வந்தபோது
கன்னத்தில் இருக்கை வெல்வெட்டின் கோடுகள்.
நூற்றுப் பதினாலாம் வில்லையை நீட்டிக்கொண்டே
குரலைத் தாழ்த்தினார்:
'கடைசியில் என்ன ஆச்சு?
வீட்டுக்குப் போனதும் கேட்பாள்.'

சொன்னேன்.
பெட்டி, கட்டில், சால்வை.
'தூங்குகிற ஆளா?' என்றார். 'அது யார் நடித்தது?'
'புது ஆள். தாளில் பேர் போடவில்லை.'
'நல்லா செய்தானா?'
'ரொம்ப இயல்பு.'

திருப்தியோடு தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.
முதல் கதவு. இரண்டாவது கதவு.
காற்று கொஞ்சம் உள்ளே வந்தது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.